பேர் பொறித்த புல்லர்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய முப்பேட்டைகளிலும் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர், வைத்திருந்து விற்றோர், வாங்க நினைத்து மனைவியிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்போர் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய ஒரு செய்தியை, 1966ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமையாகிய இன்று, சுதேசிக் கருவிச் செம்மல் ஆ. கணேசபாண்டியனாகிய நான் வெளியிடுகிறேன். செய்தி இதுதான்: காந்தச் சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துக் கழற்றக் கூடாது.

சுங்க அதிகாரி ஐயா, நீங்கள் எழுதச் சொன்னது இது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கே தொடங்கினால்தான் நான் செய்ததில் உள்ள நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் கனத்த வட்டு ஒன்று தெரியும். அதுதான் காந்தச் சக்கரம். நுனி சிறுத்த ஒரு தண்டின் மேல், பதவி கிடைத்தவர் நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருக்கும். தானாக இறங்காது. சுத்தியலால் அடித்தால் சக்கரம் வந்துவிடும், தண்டு வளைந்துவிடும். அதற்குப்பின் அந்த வண்டி ஆயுசு முழுக்க நடுங்கும். நோகாமல் கழற்ற புல்லர் என்று ஒரு கருவி உண்டு. உள்ளங்கை அகல இரும்புத் தட்டு, ஓரத்தில் மூன்று துளை, நடுவில் மரை வெட்டிய துளை, அதில் ஒரு போல்ட். தட்டைச் சக்கரத்தோடு மூன்று திருகால் பிணைத்து நடு போல்ட்டை முடுக்கினால் சக்கரம் கையில் வந்து விழும். இவ்வளவுதான் புல்லர். இதற்காகத்தான் ஒரு மனிதனின் கடைக்குச் சீல் வைக்கும்படி ஆயிற்று.

இந்த மாதிரி விசேஷக் கருவிகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வருவதற்கு அரசாங்கம் விடவில்லை. ஆகவே தாராவி மெக்கானிக்குகள் தாங்களே செய்துகொள்வார்கள். பழைய கிளட்ச் தட்டில் ஒரு பட்டையை வெல்டிங் வைத்தால் கிளட்சைப் பிடித்துக்கொள்ளும் கருவி. செத்துப்போன ஸ்பார்க் பிளக்கின் வயிற்றைக் காலி பண்ணி ஒரு போல்ட்டைச் செருகினால் பிஸ்டனை நிறுத்தும் கருவி. நெய் டின்னை வெட்டி வளைத்தால் ரிங்கை அமுக்கும் கருவி.

1960இல் நான் மெயின் ரோட்டில் கடை போட்டபோது ஒன்றைக் கவனித்தேன். வாங்கிய கருவியால் வேலை செய்தால் வண்டிக்காரர் கருவியைப் பார்க்கிறார். ‘நல்ல சாமான், எவன் கையில் இருந்தாலும் கழலும்’ என்று நினைத்துக்கொள்கிறார். கோணலும் துருவுமாகச் சொந்தமாகச் செய்த கருவியால் அதே வேலையைச் செய்தால் என்னைப் பார்க்கிறார். மரியாதை எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகிவிட்டது. எனக்குச் சொந்தமாகச் செய்த கருவிகள் அவசியமாயின. அவற்றை ஷேக் பரீதிடம் வாங்கினேன்.

ஷேக் பரீத் துறைமுகப் பந்தரில் கப்பல் சிப்பந்திகளோடு பழக்கமுள்ளவர். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று கொண்டுவருவார். அந்தப் பளபளப்பைப் போக்குவதுதான் என் தொழில் ரகசியம். முதலில் கம்பெனிப் பெயரையும் ஊர்ப்பெயரையும் சாணைச் சக்கரத்தில் காட்டி அழிப்பேன். பிறகு ஓரத்தில் காரணமில்லாமல் ஒரு வெல்டிங் கட்டி. கைப்பிடிக்குக் கிழிந்த சைக்கிள் டியூப். அப்புறம் உப்புத்தண்ணீரில் மூன்று நாள், தகரக் கூரை மேல் பதினைந்து நாள். பம்பாயின் ஜூலை மழைக்கு இணையான கைவினைஞன் உலகத்தில் இல்லை. கூரையிலிருந்து இறங்கும்போது, அதைப் பெற்ற இங்கிலீஷ் தொழிற்சாலையே ‘இது நம் பிள்ளை இல்லை’ என்று சத்தியம் செய்யும்.

மாட்டுங்கா வெங்கடராமன் என்னைக் கண்டுபிடித்தது இந்தக் கட்டத்தில்தான். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். மாட்டுங்கா மோட்டார் சைக்கிள் உரிமையாளர் சபையின் தலைவர். சபைக்குப் பதினோரு அங்கத்தினர்கள், ஒன்பது வண்டிகள். போன வருஷம் பாகிஸ்தானோடு சண்டை முடிந்ததிலிருந்து நாடு தன் காலில் நிற்க வேண்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வெங்கடராமனும் பேச ஆசைப்பட்டார். பேசுவதற்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. என் கடைச் சுவரில் தொங்கிய துருவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்.

“உம்ம கை கையில்லை ஓய், கார்கானா, முழுத் தொழிற்சாலை.”

ஒன்றேகால் மணி நேரம் பேசி, சால்வை போர்த்தி, செம்மல் பட்டம் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. ஒருவர் இவ்வளவு நேரம் பேசியபிறகு மறுப்பது மரியாதை இல்லை.

அந்த மாதம்தான் சொரிமுத்து எதிர்ச்சாரியில் கடை வைத்தான். அம்பாசமுத்திரத்துப் பக்கம். மில்லில் பிட்டராக இருந்து, மில் மூடியதால் வெளியே வந்தவன். சொத்து என்று இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பட்டறை வைஸ், நாலு அரம், பேராச்சி என்ற மனைவி. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பான். இங்கிலீஷ் எழுத்து அவனுக்குக் கோலம்.

கப்பல் உடைத்த இடத்தில் பொறுக்கிய தகட்டை வெட்டி, அரம் போட்டு, துளைத்து, மரை வெட்டி, காய்ச்சிப் பழைய எஞ்சின் ஆயிலில் முக்கிக் கறுப்பேற்றி, அவனும் ஒரு புல்லர் செய்தான். நிஜமாகவே செய்தான். அதில்தான் அவனுக்குக் கேடு. அது கடையில் வாங்கியது மாதிரியே இருந்தது. வண்டிக்காரர்கள் “எங்கே வாங்கினே?” என்பார்கள். “நாந்தான் செஞ்சேன்” என்பான். சிரித்துவிட்டுப் போவார்கள். என் கடைக்கு வந்து, கேட்காமலே நம்புவார்கள்.

இப்படியே போயிருந்தால் எனக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் இருந்திருக்காது. ஆனால் அவன் கழற்றி மாட்டிய எஞ்சின்கள் எண்ணெய் ஒழுகவில்லை. ஒன்றிரண்டாக வண்டிகள் ரோட்டைக் கடக்க ஆரம்பித்தன. போதாததற்கு பேராச்சி ஒருநாள் என் கடை வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அண்ணாச்சி, ஒங்க சாமானெல்லாம் ஆத்துல கெடந்து எடுத்த மாரில்லா இருக்கு. இவுக கையில குடுங்க, அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்துத் தருவாக.”

நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். பொறாமையில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

ஜூன் கடைசியில் வெங்கடராமனின் வண்டி வந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் என் புல்லரை மாட்டி முடுக்கினேன். நடு மரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உப்புத்தண்ணீர் மேல்தோலோடு நின்றிருக்கவில்லை. ‘கொஞ்சம் இருங்கள், புதிதாகச் செய்தது ஒன்று இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, பின்வழியாகச் சுற்றிப் போய்ச் சொரிமுத்துவிடம் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தான். திருப்பித் தர அவசரமில்லை என்றும் சொன்னான்.

இரண்டு திருப்பு. சக்கரம் இறங்கியது. வெங்கடராமன் அந்தக் கறுப்புப் புல்லரைக் கையில் வாங்கி, இந்த நாட்டுக்கு இனி யார் தயவும் வேண்டாம் என்றார். நான் தலையைக் குனிந்து புகழை ஏற்றுக்கொண்டேன்.

அன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லை. இரும்பில் எழுத்துப் பதிக்கும் இங்கிலீஷ் அச்சுப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. என் பட்டத்தைக் கருவிகளில் பொறிக்கலாம் என்று சோர் பஜாரில் வாங்கியது. ஆனால் இங்கிலீஷில் எனக்கு எழுதத் தெரிந்தவை மூன்றே சொற்கள். ஆறு வருஷமாக அழித்து அழித்து மனப்பாடமானவை. மேட் இன் இங்லண்ட். அவற்றைச் சொரிமுத்துவின் புல்லரில் வரிசையாக அடித்தேன். ஆறு வருஷமாக நான் எடுத்துக்கொண்டே இருந்ததை ஒரு நாள் திருப்பிக் கொடுத்தேன் என்றும் பார்க்கலாம்.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தான்.

“இதென்ன எழுத்து, அண்ணாச்சி?”

“ஒம்பேருதாம்ல.”

“இங்கிலீசுலயா?”

“ஆமா. எங்க போனாலும் செல்லும்.”

அவன் முகம் மாறியது. சட்டையில் துடைத்து மறுபடி பார்த்தான். பேராச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“ரேசன் காடுலகூட இவுக பேரத் தப்பாத்தான் எழுதியிருக்கான். நீங்க இரும்புலயே எழுதிட்டிய அண்ணாச்சி” என்றாள். மறுநாள் ஒரு தூக்குச் சட்டியில் மீன்குழம்பு அனுப்பினாள். சாப்பிட்டேன். உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை உங்கள் சுங்க அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். பந்தர் வழியாக வந்த வெளிநாட்டுக் கருவி, ரசீது இல்லை, இன்ன இடம், இன்ன ஆள். கீழே ‘ஒரு தேசபக்தன்’ என்று கையெழுத்து. பெயர் போட்டுக்கொள்ளவில்லை. நான் விளம்பரப் பிரியன் அல்ல.

நீங்கள் வந்தீர்கள், புல்லரை எடுத்தீர்கள், கடையைப் பூட்டிச் சீல் வைத்தீர்கள். உங்கள்மேல் தப்பே கிடையாது. கடிதம் இருந்தது, எழுத்தும் இருந்தது. இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று கேட்டதற்குச் சொரிமுத்து நெஞ்சை நிமிர்த்தி “எம்பேரு சார்” என்றானாம். அதைத் திமிர் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கையால் செய்ததா, கப்பலில் வந்ததா என்று சொல்ல ஒரு நிபுணர் தேவைப்பட்டார். வெங்கடராமன் என் பெயரைச் சிபாரிசு செய்தார். சால்வையோடு வந்தேன். என் ஒரு கையெழுத்தில் சொரிமுத்துவின் கடையும், கோர்ட்டுக்குப் போனால் ஆறு மாச ஜெயிலும் இருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கி, புல்லரைப் புரட்டிப் பார்த்து, ‘இத்தனை நேர்த்தியான வேலையைத் தாராவியில் எந்த மனிதனும் கையால் செய்ய இயலாது’ என்று எழுதிக் கொடுத்தேன். நிதானமாகப் பார்த்தால், சொரிமுத்துவுக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழை யாரும் கொடுத்ததில்லை. அவன்தான் அதை அந்தக் கண்ணால் பார்க்கவில்லை.

பேராச்சி உங்கள் வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழவில்லை, காலில் விழவில்லை.

“செஞ்சவுகளத் திருப்பிச் செய்யச் சொல்லுங்க சார். கை என்ன களவா போயிருச்சி?”

ஐயாவுக்குத் தமிழ் தெரியும் என்பது என் துரதிர்ஷ்டம். சரி, செய்யட்டும் என்றீர்கள். வராந்தா பெஞ்சில் வைஸைப் பொருத்தினார்கள். மூன்று நாள். உங்கள் குமாஸ்தாக்கள் பைல்களை விட்டுவிட்டு வந்து அரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நிபுணர் என்ற முறையில் நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று மத்தியானம் முடித்தான். நீங்களே அளந்தீர்கள். நெருப்பு இல்லாததால் கறுப்பேறவில்லை. மற்றபடி இரட்டைப் பிள்ளைகள். சீலை உடைக்க உத்தரவு எழுதினீர்கள்.

அதோடு அவன் போயிருக்க வேண்டும். போகாமல் தயங்கி நின்றான்.

“சார், பழசுல இருக்க மாரி இதுலயும் எம்பேர அடிச்சித் தரச் சொல்லணும்.”

அது உன் பேர் என்று யார் சொன்னது என்று கேட்டீர்கள்.

“அண்ணாச்சிதான். அவுகதான் அடிச்சித் தந்தாவ.” நன்றியோடு என்னைக் காட்டினான். மீன்குழம்பைப் பற்றிப் பேராச்சி சொன்னாள்.

நீங்கள் பழைய புல்லரை அவன் முன் வைத்தீர்கள். பிறகு அந்த மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாகத் தமிழில் அவனுக்குச் சொன்னீர்கள். அவன் கோபப்படவில்லை. பழைய புல்லரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அப்பம் எம்பேரு எங்க, அண்ணாச்சி?”

நீங்கள் அதைக் கேள்வியாகப் பதிவு செய்யவில்லை.

இன்று காலை என் முன் மேஜையில் ஒரு பக்கம் இரும்புத் தகடும் அரமும், மறு பக்கம் காகிதமும் பேனாவும் வைத்தீர்கள். செம்மல் அவர்கள் ஒரு புல்லர் செய்யலாம், அல்லது நடந்ததை எழுதலாம் என்றீர்கள். நான் பேனாவை எடுத்தேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை என்பதையும், உண்மை வெளிவர வேண்டும், நாடு தலைநிமிர வேண்டும் என்ற நோக்கத்தில் என் மனச்சாட்சி கேட்டுக்கொண்டதன்பேரில் நானாகவே எழுதினேன் என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அரம் பிடிக்கத் தெரியாது.