முளையில் மூன்று சுற்று

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை. இடுப்பு உடைந்தவனிடம் யார் ருசி கேட்கிறார்கள்? கொடுத்ததைக் குடித்துப் பழகிவிட்டது.

சிக்கல் வட்டாரத்தில் வடமாடு என்றால் ஒரு காலத்தில் உக்கிரபாண்டி என்ற என் பெயரைத்தான் சொல்வார்கள். நடுக்களத்தில் முளை அடித்து, நீண்ட வடத்தில் மாட்டைக் கட்டிவிடுவார்கள். ஒன்பது பேர் இறங்கி அடக்க வேண்டும். வடம் எட்டுகிற தூரத்துக்குச் சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் மாடு தொடாது. எண்பத்தொன்பது பொங்கலில் திமிலைப் பிடித்து விட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். நேரம் சரியில்லை, கொம்பு இடுப்பில் இறங்கியது. அதன்பிறகு வந்தவன் எல்லாம் யானைக்கும் அடி சறுக்கும் என்றான். அந்த ஆறுதல்காரர்களில் ஒருவன்கூட ஒரு கன்றுக்குட்டியைப் பிடித்ததில்லை.

நாகநாதனைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவி பாண்டியம்மாளின் தம்பி. நல்லவன். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு மலம் அள்ளினான், ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு மறந்திருப்பேன். வருடா வருடம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போவான். "ஏறுங்க மச்சான், நீங்க இல்லாம என்ன மாடு" என்பான். சந்தைக்குப் போகிற கோழிபோல நானும் போவேன்.

நான் விட்ட இடத்துக்கு அவன் வந்தான். வேகம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோட்டைத் தாண்டியதும் மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் நாற்காலியைத் தேடுவான். "பாத்தீகளா மச்சான்?" இதெல்லாம் ஒரு ஆட்டமா? இவனுக்கு ஊரே மாலை போட்டது.

முளையில் வடம் கட்டுகிற மரியாதை எனக்கு. அதுவும் அவன் பேசி வாங்கித் தந்ததுதான். பழைய வீரன் போட்ட முடிச்சை இன்னொருவன் தொட்டுப் பார்த்தால் எங்கள் பக்கம் அவமரியாதை. இந்தப் பொங்கலன்று காலையில் எல்லோர் முன்னாலும் வடத்தை அளந்து கோடு போட்டார்கள். மிச்சத்தை முளையில் சுற்றி முடிந்தேன். பிறகு மாட்டுக்காரருக்குத் துண்டு போடுவதை எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போனார்கள். முளையடியில் உட்கார்ந்திருக்கிற நொண்டியை எவன் பார்ப்பான்? மூன்று சுற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி முடிந்தேன். அதனால் கோட்டைத் தாண்டி எட்டுகிற அளவுக்கு நீண்டுவிட்ட வடத்தை மண்ணைத் தள்ளி மூடினேன்.

நாகநாதன்தான் வந்து என்னை நாற்காலிக்குத் தூக்கிப்போனான்.

"வடம் சரியா இருக்கா மச்சான்?"

"சரியாத்தாம்லே இருக்கு. போ."

மற்ற எட்டுப் பேரைப் பற்றி நான் யோசித்தேனா என்கிறீர்கள். அவர்கள் மாட்டைப் பார்த்துக்கொண்டே பின்வாங்குகிறவர்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆகவும் இல்லை. இவன் கோட்டுக்கு வெளியே நின்று, திரும்பி, என்னைத் தேடினான். வாய் அசைந்தது. நானும் பார்த்தேன். மாடு வந்தது.

வயிற்றைத் துண்டால் பொத்திக்கொண்டு கிடந்தவன், "மச்சான வீட்டுல கொண்டுபோய் விட்ருங்க" என்றானாம். கடைசியிலும் அந்தப் பெரிய மனுஷத்தனம்.

முடிச்சு நழுவிவிட்டது என்று சொன்னால் தப்பிக்கலாம் என்கிறார் வக்கீல். உக்கிரபாண்டி போட்ட முடிச்சு நழுவியது என்று ஊர் பேச வேண்டுமா? நழுவவில்லை, சார். நான்தான் விட்டேன், அவன் சாகட்டும் என்றே விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் ஏட்டுகளிடம் சொல்லிவையுங்கள். காலையில் ஜீப்பில் ஏற்றும்போது இடது பக்கம் கைபோட்டுத் தூக்கினார்கள், உயிர் போய்விட்டது. ஒரு நொண்டியை வலிக்காமல் தூக்க இந்த ஜில்லாவில் வேறு ஒருவனுக்கும் தெரியவில்லை.