உப்பிய பேட்டரி

சாரல் விழும் நாட்களில் குற்றாலத்தில் ஒலிப்பதிவு செய்வது சிரமம், இன்ஸ்பெக்டர் மேடம். காற்று கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எங்கள் அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தோம். லேப்டாப் இரைச்சல் மைக்கில் விழக்கூடாது என்று நான் வெளியே ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பேன். சுஹைப் உள்ளே பேசுவான். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச்.

அடுத்து வரப்போகிற கேம் கன்சோலைப் பற்றித்தான் எங்கள் யூடியூப் சேனல். கையில் பிடித்து விளையாடுவது. உள்ளே என்ன சிப், எப்படிப்பட்ட திரை, பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று ஊகித்துச் சொல்வோம். சுஹைப் தென்காசியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். அவன் சொன்னது பெரும்பாலும் பலித்தது. நான் சொன்னது பலிக்கவில்லை. 'ஜோஷ்வா பேச வேண்டாம், சுஹைப் அண்ணன் மட்டும் போதும்' என்று பார்ப்பவர்கள் வீடியோவுக்குக் கீழே எழுதினார்கள். எல்லாவற்றையும் படிப்பேன். புளியங்குடியில் அப்பாவின் எலுமிச்சை மண்டியை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவன் நான். திரும்பிப் போக எனக்கு இடமில்லை.

அதனால் ஒரு போலிப் புகைப்படம் தயாரித்தேன். பழைய கன்சோலின் போர்டில் வேறு சிப்பை ஒட்டி, புதிய கன்சோலின் ரகசியப் படம் வெளியே கசிந்துவிட்டது என்று போட்டேன். வெளிநாட்டுச் சேனல்கள்கூட அதைக் காட்டின. அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

சுஹைப் கண்டுபிடித்துவிட்டான். கோபப்படவில்லை.

"ஏலே, நம்மள நம்பி உக்காந்திருக்கானுவ. இன்னைக்கு வீடியோவுல நானே சொல்லிருதேன். நீ பக்கத்துல வரண்டாம்."

"அடுத்த வாரம் சொல்லலாம்லே."

"எனக்குத் தாங்கல ஜோஷ்வா. இன்னைக்கே சொல்லுதேன்."

வீடியோவில் காட்ட ஒரு மாதிரி கன்சோல் செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். அவன் கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த உப்பிய பேட்டரிகளை அதற்குள் திணித்து மூடினேன். சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கும், அவற்றைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே அவன்தான். சார்ஜரில் செருகி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். தாழ்ப்பாள் போட்டேன். வழக்கமாகப் போடுவதுதான்.

முதலில் சிப்பைப் பற்றிப் பேசினான். எவ்வளவு தெளிவாகப் பேசுவான் தெரியுமா? பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நண்பர்களே, ஒரு உண்மை சொல்லணும்" என்றான். அப்போதுதான் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை.

"ஏலே, ஸ்பாஞ்சுல தீ புடிச்சிட்டு. கதவத் தொற."

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. கதவிடுக்கில் கரும்புகை வந்தது. திறந்தால் வெளியே வருவான், வந்தால் சொல்லிவிடுவான் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. கதவைத் தட்டி என் பெயரைக் கூப்பிட்டான். இருமினான். பிறகு கூப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளை நீக்கிக் கத்தி ஆள் கூப்பிட்டேன்.

அவன் கடைசி வீடியோவை வெட்டி ஒட்டி நான்தான் போட்டேன். இதுவரை அவ்வளவு பேர் எங்கள் சேனலைப் பார்த்ததில்லை.

போன வாரம் அவன் மனைவி மிஸ்ரியா போன் செய்தாள். "அண்ணே, அவுக கொரல கேக்கணும் போல இருக்கு. அன்னைக்கிப் பேசுனத முழுசா அனுப்புதியளா?"

அனுப்பினேன், மேடம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவன் கூப்பிட்டதையும் கதவைத் தட்டியதையும் மட்டும் எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை தாங்கமாட்டாள். அந்த அளவு இரக்கம்கூட இல்லாதவனா நான்?