அடையாள அட்டையில் அறுபத்தாறு, இரத்தத்தில் அறுபத்து மூன்று

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் ஜனகன் அவர்களே! ருவான்வெல்லையிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் மதிப்புக்குரிய பெரியோர்களே! விடியலில் ரப்பர் பால்வெட்டப் போய், வெயிலேறத் திரும்பி, விழாவுக்கும் வந்து வீற்றிருக்கும் என் தாய்மார்களே! இந்தத் தோட்டத்து ஆபீஸில் நாற்பது வருடம் செக்ரோலில் உங்கள் பேரும் வேலைநாளும் எழுதிய கிளாக்கர் நாகலிங்கம் உங்களை வணங்குகிறேன்.

என்னம்மா அங்கே? சுருக்கமாகவா? ஹரி, ஹரி, சரியம்மா! பென்ஷன்காரனுக்கு மைக் கிடைப்பதே அபூர்வம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விழா யாருக்கு? மூன்றாம் லயத்து வரிசைவீட்டுச் சீதாலட்சுமி பெற்ற செல்வம், மூலக்கூற்று உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற எங்கள் தக்‌ஷிகாவுக்கு! மனிதனுக்கு வயது ஏற ஏற, மரபணுவின் மேல் நுண்ணிய அடையாளங்கள் மாறிக்கொண்டே வருகின்றனவாம். ஒரு துளி இரத்தத்தில் அதைப் படித்து, உடம்பின் வயதை ஏறத்தாழச் சொல்லிவிடுகிறாள் இந்தப் பெண். நரைக்குச் சாயம் அடிக்கலாம், மரபணுவுக்கு அடிக்க முடியுமா? சிரிக்காதே சதீஸ், உன்னையும்தான் சொல்கிறேன்!

மூன்று வருடத்துக்கு முன் நம் தாய்மார் நூறு பேரிடம் இரத்தம் எடுத்தாள். அடையாள அட்டையில் அறுபத்தாறு என்றிருந்த சீதாலட்சுமிக்கு இரத்தத்தில் அறுபத்து மூன்று. மற்றவர்களுக்கும் அப்படித்தான். இந்த மலையில் மூப்பு மெல்ல வருகிறது! ஆகா! வெளிநாட்டு மாநாடு அழைத்தது. யட்டியாந்தோட்டை பஜார் முழுக்க நான்தான் இனிப்புக் கொடுத்தேன்.

மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகளிடம் சீதாலட்சுமி சொன்னாள்: "பாப்பா, எனக்கு அறுபத்தாறு இல்லடி. பஞ்சத்துல வேலைக்குப் பேரு பதியிறப்ப பத்து வயசு. பதினாறுன்னு சொல்லித்தான் பதிஞ்சாங்க. நாங்க எல்லாருமே அப்படித்தான்."

மறுநாள் பிள்ளை ஆய்வுக்கூடத்தில் இதைச் சொன்னாள். கூட வேலை செய்தவர் ஒருவர், "அங்கே யார் வந்து செக்ரோல் பார்க்கப் போகிறார்கள்? பேசாமல் போய் வாருங்கள்" என்றாராம். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "யாரும் பாக்க மாட்டாங்க சார். ஆனா அது எங்கம்மா ஒடம்பு."

மாநாட்டை விட்டாள்! மதிப்பை விட்டாள்! வந்த வாய்ப்பை வாசலோடு அனுப்பினாள்! தோட்டப் பள்ளியில் பிறந்த தேதி எழுதிய பழைய இடாப்புகளைத் தூசி தட்டி, ஒவ்வொரு தாய்க்கும் உண்மை வயதைத் தேடி எடுத்தாள். இரண்டு வருடம், ஐயா!

இரத்தம் எடுத்தபோது சீதாலட்சுமியின் உண்மை வயது அறுபது. உடம்புக்கோ அறுபத்து மூன்று. நூறு தாய்மாரில் பெரும்பாலோருக்கு உடம்பு வயதை முந்தி ஓடுகிறது. மூப்பு இங்கே மெல்ல வரவில்லை, முந்தி வருகிறது! ஏன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் அந்த ஆராய்ச்சி அச்சில் வந்தது. பெருமைப்படுத்தும் பொய்யை விட்டு, மனம் நோகும் உண்மையை எழுதிய மகளைப் பெற்ற வயிறு வாழ்க! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

போதும். இனி நான் சொல்வதற்குக் கைதட்ட வேண்டாம்.

அந்தப் பஞ்சத்தில் நான் புது கிளாக்கர். மேசை உயரம்கூட இல்லாத பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பத்தைப் பதினாறு என்று எழுதியது இந்தக் கை. பிறகு அடையாள அட்டைக்கும் அதே வயதைத்தான் எழுதிக் கொடுத்தேன். தக்‌ஷிகா இரத்தம் எடுக்க வந்த அன்றே எனக்கு இது தெரியும். இனிப்புக் கொடுக்கும்போதும் தெரியும். தோட்டத்துக்குப் பெருமை வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். தாயே, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்னம்மா சீதாலட்சுமி? எழுந்து சொல்லு, எல்லோரும் கேட்கட்டும்.

"நீங்க எழுதலன்னா அன்னிக்கு எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சிருக்காதுங்க ஐயா. ஒக்காருங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க."

கேட்டீர்களா சபையோரே? என் கண் கலங்கினால் யாரும் சிரிக்கக் கூடாது. இந்த அன்பைத் தாங்கிக்கொண்டே, அன்றைக்கு எழுதாததை இன்றைக்கு மேடையில் சொல்கிறேன்: சீதாலட்சுமி, வயது பத்து, பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. மகள் தக்‌ஷிகாவுக்கு இந்தக் கிழவனின் வணக்கம்.