ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

"வராத ஆளுக்கு எதுக்குக்கா புதுச் சட்டை?"

சனிக்கிழமை சாயங்காலம், கப்பலூரிலிருந்து மதுரைக்கு வரும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. இருவரும் ஒரே கம்பெனியில் வேலை செய்பவர்கள்போல. ஒரே நிறத்தில் மேல்கோட்டு. கேட்டவள் சின்னவள். மூத்தவர் மடியில் துணிக்கடைப் பை இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு வராட்டியும் அவருக்குன்னு வாராவாரம் ஒரு வெள்ளைச் சட்டையத் தேச்சு ஆணியில மாட்டிட்டுத்தான் நான் சர்ச்சுக்குப் போவேன்."

"எத்தன வருசமா?"

"ஏழு. அவங்கம்மா பொழைக்கணும்னு அம்புட்டு ஜெபம் பண்ணாரு. அவங்க போய்ச் சேந்ததுல இருந்து சர்ச்சுக்கு வாரதில்ல."

"நீங்க கூப்புடுவீகளா?"

"கூப்புட மாட்டேன். ஜெபம் பண்ணுவேன், சட்டையை மாட்டுவேன். அம்புட்டுத்தான்."

"திரும்பி வந்து பாத்தா?"

"அப்படியே தொங்கும். மடிச்சு வச்சுருவேன்."

"எனக்குன்னா மூணாவது வாரமே கோவம் வந்துரும்க்கா."

"எனக்கும் வந்துச்சு. அந்த வாரமும் தேச்சுத்தான் வச்சேன்."

"சரி, இப்ப எதுக்குப் புதுசு?"

"முந்தியெல்லாம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு. போன வாரம் சட்டையப் பாத்துட்டு, 'இது இப்ப எனக்குப் பத்தாது'ன்னாரு."

"வரலைங்கிறதத்தான் அப்படிச் சொல்லிருப்பாரு."

மூத்தவருடைய நிறுத்தம் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பத்தாதுன்னுதான சொன்னாரு. வரலைன்னு சொல்லலையே."