சாப்பாட்டு நோட்டு

மார்க்கையன்கோட்டையில் என் சமையலை யாரும் குறை சொன்னதில்லை, என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டியைத் தவிர. உப்பு கொஞ்சம் கூடினால் தட்டு பறக்கும். ஒருநாள் ரசம் ஆறிப்போனதற்காகக் காதோடு சேர்த்து அறைந்தார். அன்றிலிருந்து இடது காது கேட்காது. அதனால்தான் இன்ஸ்பெக்டர் மேடம், உங்களை வலது பக்கம் உட்காரச் சொன்னேன். இப்படிப் பதினெட்டு வருடம்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவருக்கு முடக்குவாதம் வந்தது. மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கின. தேனி டாக்டர், வாரத்துக்கு ஒன்று போடும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அங்கே உணவு ஆலோசனை சொல்லும் ஷீபா என்ற பெண் என்னிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னாள்.

"என்ன சாப்பிட்டாக, மறுநாள் காலையில கை எம்புட்டு நேரம் விறைச்சுக் கெடந்துச்சு, ரெண்டையும் எழுதுங்கக்கா. ஆளுக்கு ஆள் மாறும். இவுகளுக்கு எது ஆகலைன்னு தெரிஞ்சா நிறுத்திரலாம்."

ஒழுங்காக எழுதினேன். மீனும் கீரையும் கம்பங்கூழும் கொடுத்த வாரம், அரைமணி நேரத்தில் கை இளகியது. அந்த வாரம்தான் கரண்டியைப் பிடுங்கி என் முதுகில் அடித்தார். ஆட்டுக்கொழுப்புக் குழம்பும் பரோட்டாவும் கலர் சோடாவும் உள்ளே போன வாரம், மத்தியானம் வரை விரல் மடங்கவில்லை. வீங்கிய கையை யாரும் ஓங்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஆசைப்பட்டதையெல்லாம் சமைத்தேன்.

"ஏம் பொண்டாட்டி மாதிரி யாருடா கவனிப்பா?" என்று வாழைமண்டியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது வருடம் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். சோறும் ஊட்டினேன். ஒருநாள் ஊட்டும்போது அழுதார்.

"ஜோதி, ஒன்னைய ரொம்ப அடிச்சுப்புட்டேன். மன்னிச்சிரு ஆத்தா."

பதினெட்டு வருடத்தையும் இரண்டு கவளத்துக்கு நடுவில் சொல்லி முடித்துவிட்டார். நான் அவர் வாயைத் துடைத்துவிட்டு, கொழுப்புத் துண்டாகப் பார்த்து அடுத்த கவளத்தைக் கொடுத்தேன்.

போன மாதம் காய்ச்சலென்று மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். சாப்பாடு, மாத்திரை எல்லாம் அவர்கள் கையில். வீக்கம் வடிந்தது. ஷீபா என் பையிலிருந்த நோட்டை எடுத்துப் படித்தாள்.

"ஆகாதுன்னு எழுதினதையே குடுத்திருக்கீக. ஆனா சாப்பாடு மட்டும் ஒரு மனுசன இம்புட்டு முடக்காதுக்கா. மாத்திரை எங்கன போச்சு?"

அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். இத்தனை வருடமும் அவர் விழுங்கியது, அதே நிறத்தில் நான் வாங்கி வைத்த சத்து மாத்திரை. கேட்டால் மறைக்க எனக்கு வராது.

வளைந்த விரல்கள் இனி நிமிராதாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்களுக்குச் சொன்ன பிறகும், அவர் புகார் கொடுக்க மாட்டேன் என்றாராம். அவருடைய பெருந்தன்மை எனக்கு எதற்கு? நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன்.

அவர் கை ஓங்கி மூன்று வருடத்துக்கு மேலாகிறது. போன தீபாவளிக்குத் தானாக ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கிக் குடித்தார். அன்று சாயங்காலமே கறிக்கடைக்குப் போனேன். திரும்ப அடித்துவிடுவாரோ என்ற பயம்தான் மேடம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கோபமெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது.