மலைக்குத் தோதான துப்பாக்கி

— அட, அந்தச் சின்ன ரைபிளை மேசை மேல வச்சிட்டு உட்காரும், மாரிச்சாமி மேஸ்திரி. இதை வச்சுக்கிட்டா ஷான் மலையில காட்டெருமைக்குப் போறீர்? மானுக்குக் காணும். எருமைன்னா, எவனோ முதுகைச் சொறிஞ்சுவிட்டான்னு திரும்பிப் பார்த்துட்டு மேயப் போயிடும்.

— விழுந்திருக்கு பாய். காதுக்குப் பின்னால பட்டா விழும். ஆனா நான் இப்ப வந்தது...

— பெரிசு வாங்கத்தானே? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. இந்தப் பீர் முகைதீன் ரங்கூன் மொகல் தெருவுல துப்பாக்கிக் கடை வச்ச நாளிலேர்ந்து யாரு வந்தாலும் மொதல்ல ஒண்ணுதான் கேப்பான். மலையேறிப் போறது தனியாவா, கூட ஆளு உண்டா?

— அதுக்கும் துப்பாக்கிக்கும் என்ன பாய்?

— அதுலதானே எல்லாம் இருக்கு! தனியாப் போறவனுக்கு ரெட்டைக்குழல். கனம், ஏத்தத்துல உசிரை வாங்கும். ஆனா ஒரு குண்டு தப்பினா அடுத்தது அந்த நொடியே வெடிக்கும். கூட ஒருத்தன் நின்னா இந்த மேகசின் ரைபிள் போதும். லேசு, மூங்கில் புதர்ல மாட்டாது. நீர் அடுத்த தோட்டாவை இழுத்து ஏத்துற நேரத்துக்கு அவன் சுட்டுடுவான். சொல்லும், ஒத்தை ஆளா, ரெண்டு பேரா?

— ரெண்டு பேரு.

— நம்புற ஆளுதானா? எருமை மூச்சு கேட்டதும் மரத்துல ஏறிக்கிட்டு, கூட வந்தவனைக் கீழ விட்டவன் கதையெல்லாம் எனக்குத் தெரியும். யாரு, ரோட்டு வேலைக் கூலியா?

— என் வீட்டுக்காரி.

— யா அல்லாஹ்! பொம்பளையா?

— மா தின்னு பேரு. மலைக்காரி. தவுங்ஜிக்கு மேல ரோடு போடப் போன இடத்துல கட்டிக்கிட்டேன். இங்க ரங்கூன் பசுந்தாங்குல இருக்கிற எங்க ஆளுக, சாதி கெட்டுப் போச்சுன்னு பேச்சையே விட்டுட்டாங்க. போங்கடான்னு நானும் மலையிலேயே தங்கிட்டேன்.

— அது கிடக்கட்டும். சுடுவாங்களா?

— என்னைவிட நல்லா. எருமை பாய்ஞ்சு வந்தா நான் ஓடத்தான் பார்ப்பேன். அவ பக்கத்துல நின்னுக்கிட்டு, புருஷனை அவங்க ஊர்ல கூப்பிடுற மாதிரி, "கோ மாரி, அசையாதே"ம்பா. நான் அசைய மாட்டேன். அவ்வளவுதான் எங்க வேட்டை.

— ஹஹ்ஹா! வீட்டுலயும் அப்படித்தானா?

— வீட்டுல இன்னும் மோசம் பாய். ஙப்பின்னு அந்த ஊர் மீன்விழுது கொதிக்கும்போது நாத்தம் தாங்காம மூக்கைப் பொத்தினா, கரண்டியாலேயே ஒண்ணு வைப்பா. அப்புறம் எனக்குன்னு தனியாப் புளி ஊத்தி ஒரு குழம்பு வச்சிருப்பா. நானே சொல்லிக் கொடுத்தது. நல்லா இருக்காது. நான் நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன்.

— கொடுத்துவச்சவரு ஓய் நீர்! என் பீவி காயல்பட்டணத்துல கிடக்கா, நான் இங்க இரும்புக்கு எண்ணெய் போட்டுக்கிட்டுக் கிடக்கேன். தானே ஆக்கித் தானே திங்கிறவன் படுறது நாய் படாத பாடு. நல்லா இருக்குன்னு பொய் சொல்லக்கூட எதிர்ல ஆளு வேணும்ல?

— வேணும் பாய்.

— உமக்கு எங்க தெரியப் போகுது! சரி, இந்தாரும் மேகசின் ரைபிள். கண்ணை மூடிக்கிட்டுத் தோள்ல வையும். ம். இப்பத் திறந்து பாரும். குழல் நுனியில முன்குறி எங்க நிக்குது?

— நேரா, நடுவுல.

— அளவெடுத்துச் செஞ்சாப்ல இருக்கு! இது உமக்கு, சின்னது அவங்களுக்கு. அவங்களையும் கையோட கூட்டியாந்திருக்கலாமே?

— அவளுக்கு ரங்கூன் பிடிக்காது. டிராம் சத்தம் ஆகாது.

— பரவாயில்லை. அவங்க துப்பாக்கியைத் துடைச்சுப் பளபளன்னு ஆக்கித் தாரேன், பீர் முகைதீன் அன்பளிப்புன்னு சொல்லும். இங்க பாரும், கட்டையில கன்னம் வைக்கிற இடத்துல வெள்ளையா என்னமோ அப்பியிருக்கு. சுண்ணாம்பா?

— தனக்கா பாய். மரப்பட்டை, எப்பவும் அரைச்சு முகத்துல பூசியிருப்பா. குறி பார்க்கும்போது கட்டையில ஒட்டிக்கும்.

— எண்ணெய்த் துணியால ஒரு இழுப்பு இழுத்தா...

— தொடாதீங்க!

— அட, ஏன்யா இந்தக் கத்து கத்துறீர்? தனக்காதானே? அவங்க அடுத்த தடவை குறி பார்த்தா மறுபடி ஒட்டிக்காதா?

— ஒட்டாது பாய். போன மழையில காய்ச்சல் வந்து போயிட்டா.

— இன்னா லில்லாஹி... அப்ப இவ்வளவு நேரம் பேசினது?

— ஒத்தை ஆளா, ரெண்டு பேரான்னு கேட்டீங்க. ஒத்தைன்னு சொல்ல வாய் வரலை. அப்புறம் அவளைப் பத்திப் பேசப் பேச நல்லா இருந்துச்சு. அங்க தமிழ்ல கேக்க யாரு இருக்கா?

— மேஸ்திரி, நான் சொல்றதைக் கேளும். தனியா எருமைக்குப் போகாதேயும். ரெட்டைக்குழலும் தரமாட்டேன், எதையும் தரமாட்டேன்.

— நான் எந்த எருமைக்கும் போகலை பாய். வீட்டுல அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்க முடியலைன்னு, அவ துப்பாக்கியை விக்கத்தான் வந்தேன். துணியைக் கீழ வைங்க, எங்கிட்டயே கொடுத்துருங்க.