ஆடுகிற அடுப்புக்கால்

மலேசியாவின் அலோர் காஜா ஊரில் ஓர் இரும்புக் கடையில் பணம் கட்ட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் கையில், மீன் சுடும் கரியடுப்பிலிருந்து கழற்றிய துருப்பிடித்த கால் ஒன்றும் புது நட்டு ஒன்றும் இருந்தன.

“இந்தக் கால்தான் மாமா எங்க அண்ணன கொன்னுச்சு,” என்றார், பக்கத்தில் நின்ற பெரியவரிடம்.

“நெஞ்சு வலின்னுல்ல சொன்னாங்க?”

“அம்மாவுக்காக அப்படிச் சொல்லி வச்சிருக்கோம். சவப்பொட்டியில மொகத்த மட்டும்தான் காட்டுனோம்.”

“என்னடா ஆச்சு?”

“கால் ஆடுதுன்னு அண்ணனே பழைய செலிப்பார் செருப்ப வெட்டி அடியில முட்டுக் குடுத்திருந்தாரு. சூட்டுல ரப்பர் உருகி, அடுப்பு நெருப்போட அவரு மேலயே சாஞ்சிருச்சு. பக்கத்துல மண்ணெண்ண போத்தல் வேற.”

“அத போய் ஏன் ரிப்பேர் பண்ற? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு லா.”

“நாளைக்குப் படையல். அண்ணனுக்கு அந்த அடுப்புல சுட்ட திருக்கை மீனுதான் எறங்கும்னு அம்மா புடிவாதமா நிக்கிறாங்க.”

பெரியவர் அந்தக் காலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாளைக்கு யாரு சுடுறா?”

“அம்மாதான்.”

“ஒத்த நட்டு சூட்டுல கழண்டுரும்,” என்றார் பெரியவர். “ரெண்டா போட்டு முறுக்கு.”